குப்பைக் கட்டணம் பாக்கி ஆன கதை: பெங்களூரில் ஹோம் லோன் மாற்றியபோது

ராமமூர்த்தி நகர் ஃபிளாட் லோனை வட்டி குறைவான வேறொரு வங்கிக்கு மாற்றினேன். இ-காத்தா (சொத்து யார் பெயரில் என்று காட்டும் மாநகராட்சியின் மின்பதிவு), வில்லங்கச் சான்று எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இழுத்தடித்தது சொத்து வரி ரசீதுதான்.

"சார், போன வருஷத்தைவிட 1,200 ரூபாய் அதிகமா இருக்கே, பழைய பாக்கியா? பாக்கி இல்லைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார் புது வங்கியின் லோன் பிரிவு ஊழியர். பாக்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து குப்பைக் கட்டணத்தையும் சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். 1,001 முதல் 2,000 சதுர அடி வரையான வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். ரசீதிலேயே தனியாகப் போட்டிருக்கிறது. விரல் வைத்துக் காட்டியும் மனிதர் அசையவில்லை. மாநகராட்சி வருவாய் அலுவலகத்துக்குப் போனால், "ரசீதுதான் சார் லெட்டர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் லீவு போனதுதான் மிச்சம்.

எரிச்சலில் அன்று இரவு புது வங்கி தந்த கடன் ஒப்பந்த நகலைப் படித்தேன். 'தற்போது உள்ளதும் இனி விதிக்கப்படுவதுமான' எல்லா வரியும் கட்டணமும் கடன் வாங்கியவர் தலையில். கட்டாவிட்டால் வங்கியே கட்டிவிட்டு அசலோடு சேர்த்துவிடும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே (65, 72ஆம் பிரிவுகள்) இதற்கு வேர் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மச்சானுக்கு வரி ஏறினால் மாதத் தவணையே ஏறும். வரிப் பணத்தையும் அங்கே வங்கியே பிடித்து வைத்துக் கட்டுகிறது. நமக்கு இஎம்ஐ அப்படியே இருக்கும். அதனால் வரியோ கட்டணமோ மாறியதே பலருக்குத் தெரிவதில்லை.

மறுநாள் நேராக மேனேஜரிடம் போய், "வரி மாறும்னு உங்க ஒப்பந்தமே சொல்லுது, அப்புறம் மாறினதுக்கு எதுக்கு சார் லெட்டர்?" என்று கேட்டேன். குப்பைக் கட்டண அட்டவணையையும் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார், கோப்பு நகர்ந்தது.

லோன் மாற்றுகிறவர்கள் போன வருட, இந்த வருட ரசீது இரண்டையும் கையில் வைத்திருங்கள். ரசீதில் உள்ள பெயரும் பிஐடி (சொத்து அடையாள) எண்ணும் இ-காத்தாவோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். வங்கி வரி கட்ட நேர்ந்தால் அந்தத் தொகைக்கு என்ன வட்டி என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். எனக்குத் தந்த நகலில் அந்த இடம் காலியாக இருந்தது. லோனுக்கான அதே வட்டிதான் என்று மேனேஜரிடம் மெயிலில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.