பாஷா ஆன ஜெர்மானியர்கள்: இஸ்தான்புல் நாட்குறிப்பு

அக்டோபர் 6

ஹைதர்பாஷா ரயில் நிலையத்தைப் படகிலிருந்து பார்த்தால் ஆசியக் கரையில் இருப்பதாகவே தோன்றாது. கூர்ங்கோபுரங்கள், செங்குத்தான கூரை. ஓட்டோ ரிட்டர், ஹெல்முட் கூனோ என்ற இரு ஜெர்மன் கட்டடக் கலைஞர்களின் வேலை. கடலோரச் சேற்றில் அடித்து இறக்கிய 1,100 மரத் தூண்கள், தூண் ஒன்று 21 மீட்டர் நீளம். 1917இல் வெடிவிபத்து, 2010இல் கூரையில் தீ. இரண்டுக்கும் பிறகும் நிற்கிறது.

கட்டடத்தை ரசிப்பவர்கள் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். 1888இல் டாய்ச் வங்கி தலைமையிலான குழு, ஹைதர்பாஷாவிலிருந்து கிளம்பும் அனத்தோலிய (துருக்கியின் ஆசியப் பகுதி) ரயில் பாதைக்கு உஸ்மானிய (ஓட்டோமான்) அரசிடம் உரிமம் பெற்றது. பாதை 1892இல் அங்காராவையும் 1896இல் கோன்யாவையும் எட்டியது. ஒப்பந்தத்தின் உயிர் 'கிலோமீட்டர் உத்தரவாதம்'. கிலோமீட்டருக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு தொகை. குறைந்தால் மிச்சத்தை அரசு கட்டும். அதற்கு ஈடாக வைத்தது, பாதை போகும் மாகாணங்களின் விவசாயிகள் விளைச்சலில் கொடுத்த பத்தில் ஒரு பங்கு வரி. வசூலித்துக் கொடுத்தது ஐரோப்பியக் கடன்காரர்களின் மேற்பார்வையில் இருந்த கடன் நிர்வாகம். ரயில் காலியாக ஓடினாலும் கம்பெனிக்கு நட்டமில்லை. இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அக்டோபர் 7

இன்று மோல்ட்கே. பிற்காலத்தில் பிரஷ்யாவின் பெரும் தளபதி; 1835இல் இங்கே வந்தபோது வெறும் கேப்டன். இந்நகரத்துக்கு நல்ல வரைபடம் ஒன்றை அளந்து வரைந்தார். 1839 ஜூனில் நிசிப் அருகே எகிப்தியப் படை நெருங்கியபோது, பின்வாங்கி பிரேசிக்கின் அரண் உள்ள இடத்துக்குப் போகலாம் என்று உஸ்மானியத் தளபதி ஹாஃபிஸ் பாஷாவிடம் மன்றாடினார் (பாஷா என்பது உயர் அதிகாரிகளுக்குச் சுல்தான் தந்த பட்டம்). பாஷா மதகுருமார்களின் பேச்சைக் கேட்டார். படை சிதறி ஓடியது. சம்பளம் கொடுத்து நிபுணரை அழைத்து வந்து, நெருக்கடியான நாளில் அவர் சொல்லைத் தள்ளுவது ஒரு வகை அரசாட்சி. நம் அலுவலகங்களுக்கும் அது புதிதல்ல.

அக்டோபர் 9

கோல்மார் ஃபொன் டெர் கோல்ட்ஸ், ஜெர்மன் ராணுவ அதிகாரி. 1883இல் வந்து 1895வரை இருந்தார். ராணுவக் கல்லூரியின் பாடத்திட்டத்தை மாற்றி, பாடநூல்கள் எழுதி, ஒரு தலைமுறை அதிகாரிகளை உருவாக்கினார். ஆனால் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதுக்குத் தம் படைமீதே பயம். உண்மையான குண்டுகளோடு பெரிய பயிற்சி நடத்த அனுமதி கிடைக்கவில்லை என்று கோல்ட்ஸ் புலம்பிக்கொண்டே இருந்தார். ஆயுதக் கொள்முதலுக்கு மட்டும் தடையில்லை: 1887இல் மவுசர் துப்பாக்கி ஒப்பந்தம் 5 லட்சத்தைத் தாண்டியது. சுடப் பழக விடாத படைக்கு இத்தனை துப்பாக்கி! ஆசிரியர் பெர்லினிலிருந்து, ஆயுதமும் ஜெர்மனியிலிருந்து. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சுல்தானின் பயம் வீணும் அல்ல. கோல்ட்ஸுடன் நெருங்கிப் பணியாற்றிய மஹ்மூத் ஷெவ்கெத் பாஷாதான் 1909இல் படை நடத்தி வந்து தலைநகரைப் பிடித்தார். சுல்தானின் அரியணை அத்தோடு போனது.

கோல்ட்ஸ் முதல் உலகப் போரில் முதிய வயதில் திரும்பி வந்தார். இராக்கின் கூத் நகரில் ஆங்கிலேயப் படையை, அதில் பெரும் பங்கு இந்தியச் சிப்பாய்களை, முற்றுகையிட்டிருந்தபோது 1916 ஏப்ரல் 19 அன்று பாக்தாதில் நோயில் இறந்தார். பத்து நாளில் கூத் சரணடைந்தது.

அக்டோபர் 10

மழை. சுல்தான் அஹ்மத் சதுக்கத்தில் கைசர் வில்ஹெல்ம் அன்பளிப்பாகத் தந்த எண்கோண நீரூற்று மண்டபத்தில் ஒதுங்கினேன். ஜெர்மனியில் செய்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து பொருத்தியது. உட்கூரையின் பொன் மொசைக் அழகு. வேறு எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 12

எனக்குப் பிடித்த ஜெர்மானியர் மைஸ்னர் பாஷா. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஹிஜாஸ் ரயில் பாதை: 1900இல் தொடக்கம், 1908 செப்டம்பரில் மதீனா, சுமார் 1,300 கிலோமீட்டர். வெளிநாட்டுக் கடன் இல்லை. பணம் வரியிலும், இந்தியா உட்பட உலக முஸ்லிம்கள் அனுப்பிய நன்கொடையிலும் வந்தது. தண்டவாளம் போட்ட கைகளில் பெரும்பாலானவை உஸ்மானிய ராணுவ வீரர்களுடையவை. தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. மைஸ்னர் தலைமைப் பொறியாளர். ஆனால் சம்பளம் வாங்கும் ஊழியர். அல் உலாவுக்குத் தெற்கே முஸ்லிம் அல்லாதவர் போகக் கூடாது என்பதால் கடைசிப் பகுதியை முஸ்லிம் பொறியாளர்களே முடித்தார்கள். ஒரு நிபுணரை அழைத்ததன் பயன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியவில்லை. அனத்தோலியப் பாதையின் நீட்சியான பாக்தாத் பாதையில் கடன் கொடுத்தவர்களுக்கு இருந்த பிடி இங்கே யாருக்கும் இல்லை.

இதில் சென்னைக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பரில் கோகோஸ் தீவில் வீழ்ந்தது. தரையிறங்கியிருந்த குழு முதல் அதிகாரி மூக்கேயின் தலைமையில் ஒரு பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பியது. ஏமன் வழியாக, பெதுவின்களோடு சண்டையிட்டு, 1915 மே மாதம் அல் உலாவை அடைந்தது. அங்கிருந்து அவர்களை வடக்கே ஏற்றிச் சென்றது மைஸ்னரின் ரயில்.

அக்டோபர் 13

மைஸ்னரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பேரரசு சிதைந்த பிறகு, 1920களில் துருக்கிக் குடியரசு அவரை மறுபடி அழைத்தது. ரயில்வேக்கு ஆலோசனை சொன்னார். இஸ்தான்புல்லில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். பாக்தாத் வரையிலான பாதை முழுமையானது 1940இல்தான். அதே ஆண்டு இதே நகரத்தில் அவர் இறந்தார். ஜெர்மனியின் வரவு செலவுக் கணக்கில் அவர் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியாது. துருக்கியர்கள் அவரை இன்றும் பாஷா என்றே எழுதுகிறார்கள்.