மறுகூட்டல் என்று மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்

2023 மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. மகளுக்குக் கணிதத்தில் 97, இயற்பியலில் 92. வேதியியலில் மட்டும் 81. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் (கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக, மொத்தம் 200க்கு) 183.5. "எண்பத்து மூன்றுக்குக் கீழே வர வாய்ப்பே இல்லையப்பா" என்று அழுதவளை முதலில் நானே நம்பவில்லை.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மறுகூட்டல் போடுங்கள், 205 ரூபாய்தான். விடைத்தாள் நகலுக்கு 275 ரூபாய், எதற்கு வீண் செலவு?" எழுபது ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். பணத்தை எண்ணும்போது சர்வர் படுத்துவிட்டது. நாளை வாருங்கள் என்றார்கள். அரை நாள் கூலி போயிற்று. இன்று நினைத்தால் அந்தச் சர்வருக்குக் கற்பூரம் காட்டலாம்.

ஏனென்றால் அன்றிரவுதான் தேர்வுத் துறையின் அந்த ஆண்டு அறிவிப்பை முழுதாகப் படித்தேன். மறுகூட்டல் என்றால் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பது மட்டும்தான்; விடைகளை மறுபடி திருத்துவது மறுமதிப்பீடு. நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு கேட்க முடியும். ஒரே பாடத்துக்கு நகல், மறுகூட்டல் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கவும் முடியாது. எழுத்தர் பேச்சைக் கேட்டிருந்தால் கதவு அன்றே மூடியிருக்கும். மறுநாள் போய் நகல்தான் வேண்டும் என்று நின்றேன். ஒப்புகைச் சீட்டில் 'நகல்' என்று இருக்கிறதா என இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.

நகல் வந்தது. கூட்டலில் ஒரு தவறும் இல்லை! முதல் வகை வினையின் வேக மாறிலிக்கான ஐந்து மதிப்பெண் வினாவைப் பாதி எழுதி, மீதியை இரண்டு பக்கம் தள்ளி எழுதியிருக்கிறாள். திருத்தியவர் முன்பாதிக்கு இரண்டு போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்பாதியில் சிவப்பு மையே படவில்லை. (பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: விடையைப் பிரித்து எழுதினால் 'தொடர்ச்சி' என்று பக்க எண்ணோடு குறிக்க வேண்டும்.)

மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். படிவத்தோடு தேர்வுத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினால், இரண்டு பிரதி வேண்டுமாம். கையில் ஒன்றுதான். ஜெராக்ஸ் கடை தேடி வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்பினால் உணவு இடைவேளை. மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு என்று அங்கே ஒருவர் வேறு பயமுறுத்தினார். நகலை வேதியியல் ஆசிரியரிடம் காட்டியிருந்ததால் துணிந்து கொடுத்தேன்.

பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்றும் ஆதரிப்பவன் நான். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் எங்களிடம் ஏது? ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றால், திருத்துபவர் விட்ட மூன்று மதிப்பெண்ணுக்கு ஒன்றரை கட்-ஆஃப் போகிறது. அரை மதிப்பெண்ணிலேயே தரவரிசை நூற்றுக்கணக்கில் சரிகிறது. அதைச் சரிபார்க்க 780 ரூபாயும் மூன்று நாள் கூலியும் நாங்கள் கட்ட வேண்டுமா?

மாற்றம் உள்ள பதிவெண்களை மட்டுமே பட்டியலில் வெளியிடுவார்கள். எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். மகளின் எண் இருந்தது. 84. கட்-ஆஃப் 185.

பள்ளிக்குப் போய் எழுத்தரிடம் சொன்னேன். "பார்த்தீர்களா, மறுகூட்டல் போடச் சொன்னேனே" என்றார்.