ஸ்டென்ட் வைத்த கண்: அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும்

கிளாக்கோமாவில் கண் அழுத்தத்தைக் குறைக்க வைக்கும் நுண்குழாய்தான் ஸ்டென்ட். அதை வைத்த மறுநாள் பார்வை மங்கினால், முதலில் தேடுவது ரத்தத்தை. ஐஸ்டென்ட், ஹைட்ரஸ் என்ற இரண்டு வகையும் கண்ணின் நீர் வடியும் ஷ்லெம் கால்வாயில் உட்காருபவை. அந்தக் கால்வாய் சிரைகளில் போய்ச் சேருவதால், அறுவையின் முடிவில் கண் அழுத்தம் குறைந்ததும் ரத்தம் பின்னோக்கி வரும். கொஞ்சமாக வந்தால் எங்களுக்கு நிம்மதிதான்: ஸ்டென்ட் கால்வாய்க்குள் இருக்கிறது. தலையை உயர்த்திப் படுத்து, ஸ்டீராய்டு சொட்டும் போட்டுவந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கரையும். கரையாமல் அழுத்தமும் ஏறினால் கழுவி எடுக்க வேண்டும்.

அழுத்தம் ஏறினால் எத்தனையாவது நாள் என்று பாருங்கள். முதல் நாளே அழுத்தம் 30 மி.மீ. பாதரசம் காட்டினால், அறுவையின்போது செலுத்தி உள்ளே தங்கிய விஸ்கோஎலாஸ்டிக் ஜெல்லைச் சந்தேகிக்கலாம். அறுவையில் இட்ட பக்கத் துளையை மெல்ல அழுத்தி நீரைக் கொஞ்சம் வெளியேற்றினால் இறங்கும். சில வாரம் கழித்து ஏறினால் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. லோட்டிபிரெட்னால் போன்ற மிதமான மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் கோனியோஸ்கோப்பி (ஸ்டென்ட் இருக்கும் கோணத்தைத் தனி லென்ஸ் வைத்துப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும். ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் வெறும் 0.36 மி.மீ. நீளம், ஆழமாகப் புதைந்தால் கண்ணுக்கே தெரியாது. ஸ்டென்டின் வாயை ஐரிஸ் அடைத்திருந்தால் யாக் லேசரால் விடுவிக்கலாம்.

ஜென் ஸ்டென்டின் தொல்லை வேறு. இது கண்ணின் நீரை வெள்ளைவிழியை மூடிய மெல்லிய படலத்துக்கு அடியில் வடிக்கும்; அங்கே படலம் எழும்பி நிற்பதைத்தான் கொப்புளம் என்கிறோம். 6 மி.மீ. நீளம், 45 மைக்ரான் துளை. அந்த ஒடுக்கமே அழுத்தம் அதிகம் இறங்காமல் தடுக்கும். ஆனாலும் முதல் நாட்களில் குழாயைச் சுற்றி நீர் கசிந்து அழுத்தம் 6 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போவதுண்டு. முன்னறை (கார்னியா என்ற முன் ஒளிபுகு படலத்துக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட இடம்) ஆழமாக இருந்து பார்வையும் குறையவில்லை என்றால் கை வைக்காதீர்கள். முன்னறையின் ஆழம் குறைந்தால் அட்ரோபின் சொட்டு. லென்ஸ் கார்னியாவைத் தொடும் நிலை வந்தால் உடனே ஜெல் செலுத்த வேண்டும்.

பிறகு வருவது தழும்பு. கொப்புளம் தட்டையாகி அழுத்தம் ஏறினால் நீட்லிங், அதாவது ஊசியால் தழும்பை விடுவிப்பது. மரத்துப்போகச் செய்துவிட்டு, கொப்புளத்துக்குச் சற்றுத் தள்ளி 30 கேஜ் ஊசியை நுழைத்து, குழாய் முனையைச் சுற்றியுள்ள நாரைப் பக்கவாட்டில் அறுக்க வேண்டும். ஊசியின் கூர்விளிம்பு குழாயின் மேல் பட்டால் குழாயே துண்டாகும், அவசரம் கூடாது. கொப்புளம் எழும்பினால் வழி திறந்துவிட்டது. தழும்பு திரும்பாமலிருக்க 5-ஃப்ளூரோயூராசில் 5 மி.கி. போடுவதுண்டு, கார்னியாவை அது புண்ணாக்கும் என்பதால், ஊசித் துளை கசிகிறதா என்று ஃப்ளூரசீன் போட்டுப் பார்க்க வேண்டும்.

கார்னியாவின் உள்செல்கள் தேய்வது மட்டும் உடனே தெரியாது. சைபாஸ் என்ற ஸ்டென்ட் 2018-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதற்கு ஐந்தாண்டுக் கணக்கில் தெரிந்த அந்த இழப்பே காரணம். முனை அதிகம் நீட்டிய கண்களில் இழப்பும் அதிகம். எனவே அந்தச் செல்களின் ஸ்பெகுலர் எண்ணிக்கையை அறுவைக்கு முன்பே எடுத்து வையுங்கள்.

கொப்புளம் உள்ளவர்களுக்குக் கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால், அறுவை முடிந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் அன்றைக்கே பார்க்க வேண்டும். கடையில் ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கிப் போட்டுக் காத்திருந்தால், தொற்று உள்ளே இறங்கிவிடும்.