துரைராஜா சேரும் ஒரு பிடி களிமண்ணும்

எங்கள் மலர் இதழுக்கு இந்த முறை துரைராஜா சேரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். காரணம் சைக்கிள். பேராசிரியர் அழகையா துரைராஜா என்றதும் எங்கள் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சைக்கிளில் வேலைக்குப் போன கதைதான். நான் அந்தச் சைக்கிளைக் கண்டதில்லை. 1988இல் அவர் துணைவேந்தரானபோது நான் இங்கிலாந்துக்கு வந்து சில வருடங்களாகிவிட்டன. எனக்குத் தெரிந்தவர் பேராதனையில் மண் பொறியியல் படிப்பித்த சேர். ஆகவே களிமண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970களின் நடுப்பகுதி. அக்பர் விடுதியிலிருந்து மகாவலிக்கு மேலே போகும் பாலத்தைக் கடந்தால் பொறியியல் பீடம். அங்கே ஆய்வுகூடத்தில் எங்களுக்குத் தந்த முதல் வேலைகளில் ஒன்று, களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவது. உருட்டி உருட்டி நூல் மாதிரி ஆக்கிக்கொண்டு போகவேண்டும், சரியாக 3 மில்லிமீற்றர் தடிப்பு வரும்போது அது வெடித்துத் துண்டுபட்டால் அந்த நேரம் மண்ணில் இருக்கும் ஈரம்தான் அதன் பிளாஸ்டிக் எல்லை, அதாவது பிசைந்து உருவாக்கக்கூடிய பதம் முடிகிற இடம். கேட்க லேசு. எனது மண் ஈரம் கூடி, இடியப்ப மா போல வழுக்கிக்கொண்டே இருந்தது, நானும் பொறுமையில்லாமல் இதுதான் எல்லை என்று கொப்பியில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டேன். சேர் அந்தப் பக்கம் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். பருத்தித்துறை, ஹாட்லிக் கல்லூரி என்றேன். அவரும் ஹாட்லிதானே, முகத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் சிரித்தபடியே எனது நூலை இரண்டு விரலால் எடுத்துப் பிசைந்து பார்த்தார், தட்டில் திரும்ப வைத்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் அந்த எண்ணை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அவரோடு நான் தனியாக நின்றது மொத்தமாகக் கூட்டினாலும் பத்து நிமிடம் இருக்காது, அதில் இதுதான் பெரிய பகுதி.

மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ட்ரையாக்சியல் சோதனையில் நான் செய்த கூத்து வேறு. ஒன்றரை அங்குல விட்டமுள்ள மண் உருளைக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டு, சுற்றிவர நீரால் அழுத்தி, மேலிருந்து மெதுவாக இறுக்கவேண்டும். உறை போடும்போது எனது நகம் கீறிவிட்டது. ஒரு நாள் காத்திருந்து பார்த்தால் உள்ளே கூழ்.

அந்தக் கூழை ஏன் சொல்கிறேன் என்றால், அப்புறம் சில வருடங்கள் கழித்து இங்கே முதுகலை படிக்க வந்தபோது, நூலகத்தில் ஜியோடெக்னிக் என்ற மண் பொறியியல் சஞ்சிகையின் 1963ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டினேன். விரிவுரையாளர் வாசிக்கச் சொன்ன கட்டுரை. எழுதியவர்கள் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா. மூன்றாவது பெயரில் கண் நின்றுவிட்டது. அந்தத் துரைராஜாவா? எங்கள் வகுப்பில் அவர் இதைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருந்து நான் தூங்கியிருக்கவும் கூடும், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கட்டுரையின் சங்கதி இதுதான். மண்ணைத் தொடர்ந்து நெரித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு நிலை வரும், அதற்குப் பிறகு அதன் கனவளவும் மாறாது, தாங்கும் விசையும் மாறாது, சும்மா உருக்குலைந்துகொண்டே இருக்கும். இந்த எண்ணம் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவின் குழுவிடம் ஏற்கெனவே இருந்தது. அங்கே ஆய்வு செய்த துரைராஜா, கயோலின் களிமண்ணிலும் மணலிலும் செய்த ட்ரையாக்சியல் சோதனைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். வரவு செலவுக் கணக்குத்தான்: மண்ணுக்குள் எவ்வளவு வேலை போனது, அதில் சுருள்வில் போல எவ்வளவு திரும்பி வரும், மீதி எங்கே போனது. மீதி முழுவதும் உராய்வில் போனது. அதுவும் மண் சுருங்கினாலும் சரி, உப்பினாலும் சரி, நீரை வெளியே விட்டாலும் அடைத்து வைத்தாலும் சரி, அழுத்தத்தையும் உருக்குலைவையும் மட்டுமே பொறுத்து ஒரே விதியில் போனது. மண் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் ‘கேம் கிளே’ என்ற கணித மாதிரியுரு அந்த ஒற்றை விதியில்தான் எழுந்து நிற்கிறது. ‘கேம்’ என்பது கேம்பிரிட்ஜுக்குள்ளே ஓடும் ஆற்றின் பெயர். அந்த மாதிரியுருவைத் திருத்தி வந்த வடிவம் இன்றைக்கும் மண் கணிக்கும் மென்பொருள்களுக்குள் இருக்கிறது. ஸ்கோஃபீல்ட் பிற்காலத்தில் எழுதிய புத்தகத்திலும் துரைராஜாவின் பெயரைச் சொல்லித்தான் இதை விளக்கியிருக்கிறார்.

அந்தச் சோதனை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது உறையைக் கிழித்தவனுக்குத் தெரியும். எனக்கு மலைப்பு அங்கேதான், சைக்கிளில் இல்லை. 1990க்குப் பிறகு, போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கு எங்கே போவது, எல்லோரும்தான் சைக்கிள் மிதித்தார்கள். எனது தம்பி அப்போது அங்கே இருந்தவன். கொழும்புக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பும் கடிதங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பதையும், அந்த நிலைமையிலும் பரீட்சை நடப்பதையும், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியதையும் எழுதுவான். பொறியியல் பீடமும் பிறகு கிளிநொச்சியில் வந்தது, சேர் போய் ஏறத்தாழ இருபது வருடத்துக்குப் பிறகு.

1994 ஜூன் 11 அன்று சேர் காலமானார். வயது 59. நான் அந்த வாரம் லண்டன் களிமண்ணில் ஒரு அடித்தள வேலையில் நின்றேன். இரவு வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது எங்கள் பேராதனை வகுப்புத் தோழன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான். நகத்துக்குள் நின்ற மண்ணைத் தோண்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், அவனும் அதற்கு மேல் கதைக்கவில்லை.

அந்த 1963 கட்டுரையின் முதல் பக்கத்தை நான் மாணவனாக இருந்தபோதே பிரதி எடுத்து வைத்திருந்தேன், எப்போதாவது சேரிடம் கையெழுத்து வாங்க. தம்பிக்கு அனுப்பி அவரிடம் கொடுக்கச் சொல்லலாமா என்று 1992இல் கேட்டு எழுதினேன். கிளாலியில் படகு ஏறிக் கடனீரேரியைக் கடந்து வரும்போது கடிதமே நனைந்துபோகிறது, இதை வேறு அனுப்பாதே அண்ணா, நிலைமை சரியானதும் நீயே கொண்டு வா என்று பதில் எழுதினான். சரி என்று கோப்புக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவசரத்தில் பிரதி எடுத்ததால் கீழ் மூலையில் எனது பெருவிரலும் கறுப்பாக விழுந்திருக்கிறது.