வீட்டில் கழுவிய வண்ண நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தல்

வண்ண நெகட்டிவ்களுக்கான சி-41 என்னும் வேதிமுறையில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டெவலப் செய்யப்படும் வண்ண பிலிமின் பூச்சு, ஈரம் காயும்வரை மிகவும் மென்மையாக இருக்கும். ஆகவே கடைசிக் கரைசலிலிருந்து எடுத்ததும் விரலாலோ துணியாலோ துடைக்காமல், கீழ்முனையில் கனமான கிளிப்பை மாட்டி, தூசி பறக்காத குளியலறையில் தொங்கவிடுவதையே நான் விரும்புகிறேன். காய்ந்தபின் ஓரங்களை மட்டும் பிடித்து வெட்டி உறையிலிட வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தூசியை நீக்கும் ஸ்கேனரின் அகச்சிவப்புக் கதிர் வசதி, பிலிமின் சாயங்கள் அக்கதிரை ஊடுருவ விடுவதாலும் தூசி அதைத் தடுப்பதாலும்தான் இயங்குகிறது. டெவலப் செய்யும்போது உருவாகும் வெள்ளியை நீக்க உதவும் பிளீச் கரைசல் போதாமல், பிலிமில் வெள்ளி தங்கிவிட்டால், அந்த வெள்ளியும் கதிரைத் தடுக்க, படத்தின் நுண்விவரங்களையே தூசியென்று கருதி மென்பொருள் அழித்துவிடக்கூடும். அத்தகைய பிலிமை மீண்டும் பிளீச்சிலும், வெள்ளியைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸரிலும் இட்டுச் சரிசெய்ய முடியும் என்பது பெரிய ஆறுதல்.

படம் பதியாத ஆரஞ்சு நிற ஓரத்தையும் சேர்த்து நிற விவரங்களை நுணுக்கமாகக் காக்கும் 16 பிட் டிஃப் (TIFF) படக்கோப்பாகச் சேமித்து, அந்த ஓரத்தின் நிறத்தை அளவுகோலாகக் கொண்டு பின்னர் நேர்ப்படமாக மாற்றுவதே என் வழக்கம். தானியங்கி நிறத்திருத்தம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி முடிவெடுத்து, ஒரே சுருளின் படங்களை ஒன்றுக்கொன்று அந்நியமாக்கிவிடுகிறது.