ஆற்றை இரண்டு முறை தாண்டாமல் ஃப்ளஷிங் போக ஒரு வழி

நியூயார்க்கில் சித்தி பெண் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். நகரின் ஒரு பகுதியான புரூக்ளினின் தென்மேற்கு மூலையில் பே ரிட்ஜில் வீடு. இன்னொரு பகுதியான குயின்ஸில் இருக்கிற ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஊரில் கிளம்பும்போதே நினைத்திருந்தேன். 1977இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், போய் வந்தவர்கள் எல்லாரும் கேன்டீன் தோசையைப் பற்றித் தவறாமல் சொல்லியிருந்தார்கள்.

புரூக்ளினும் குயின்ஸும் ஒரே தீவில் ஒட்டிக்கொண்டிருப்பவை, பல இடங்களில் எல்லை என்பது வெறும் தெருதான். ஆனால் நான் ஏறிய ‘ஆர்’ (R) என்ற தடத்து சப்வே (நகர மெட்ரோ) ரயில் ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் புகுந்து, அக்கரையிலுள்ள மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து 60ஆம் தெரு வரை ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, மறுபடியும் அதே ஆற்றுக்கு அடியில் நுழைந்துதான் குயின்ஸைத் தொட்டது. ஜாக்சன் ஹைட்ஸில் 7 ரயிலுக்கு மாறி, அதன் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மன்ஹாட்டனுக்குள் போகாமல் இரண்டையும் இணைக்கிற ‘ஜி’ (G) ரயில் ஒன்று உண்டு, அது குயின்ஸின் ஓரத்திலேயே கோர்ட் ஸ்கொயரில் நின்றுவிடும்.

இரண்டு நாள் கழித்து கோனி ஐலண்டுக்கு ‘என்’ (N) ரயிலில் நானும் சித்தி பெண்ணும் போனோம். 8ஆவது அவென்யூ நிலையம் தாண்டியதும் பள்ளத்தில் எங்கள் ரயிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தண்டவாளம் ஓடியது.

“அது சரக்கு ரயில் லைன் அக்கா. நேரா குயின்ஸ் பக்கம்தான் போகுது” என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது! அப்புறம் தேடிப் படித்தேன். 1924 வரை அதில் பயணிகள் ரயிலும் ஓடியிருக்கிறது. அதை மறுபடி பயணிகளுக்குத் திறக்கலாம் என்று 1996இலேயே ஒரு திட்டம் வந்து, 2022இல் ஆளுநர் கேத்தி ஹோகல் அதைக் கையிலெடுத்து, 2023இல் லைட் ரயில் (டிராம் மாதிரியான சிறிய ரயில்) என்று முடிவாகியிருக்கிறது. பெயர் இன்டர்பரோ எக்ஸ்பிரஸ். பே ரிட்ஜிலிருந்து ஜாக்சன் ஹைட்ஸ் வரை 14 மைல், 19 நிலையங்கள், வழியில் 17 சப்வே தடங்களோடு இணைப்பு, முழுத் தூரமும் சுமார் 32 நிமிடம். அந்த ஊரில் புதிதாகச் சுரங்கம் தோண்டினால் என்ன செலவாகும் என்பதற்கு 2017இல் திறந்த செகண்ட் அவென்யூ தடமே சாட்சி, மூன்று புது நிலையங்களுக்கு சுமார் 450 கோடி டாலர். இங்கேயோ பாதை ஏற்கெனவே கிடக்கிறது. இதைக் கட்டாமல் விட்டால் மனசு கேட்காது.

ஆனால் ஜாக்சன் ஹைட்ஸோடு நிறுத்தக் கூடாது என்பேன். ஊர் திரும்பும் வழியில் சிகாகோவுக்கு விமானம் பிடிக்க லாகார்டியா போனேன். சப்வேயே எட்டிப் பார்க்காத விமான நிலையம் அது. இரண்டு பெட்டிகளோடு ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கி, க்யூ70 பஸ்ஸில் நின்றபடி போனேன். பஸ் இலவசம்தான், சரி, ஆனால் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அதுவும் நிற்க வேண்டியதுதான். என் யோசனை இது: அதே லைட் ரயிலை, அந்த பஸ் போகிற நெடுஞ்சாலையை ஒட்டித் தூண்கள் எழுப்பி, மேம்பாலமாகவே விமான நிலையம் வரை நீட்டுங்கள். பே ரிட்ஜில் பெட்டியோடு ஏறுகிறவர் அப்படியே உட்கார்ந்து போய் லாகார்டியாவில் இறங்கட்டும், ஃப்ளஷிங் போகிறவர் வழியில் 7 ரயிலுக்கு மாறிக்கொள்ளட்டும்.