அஸ்பாரகஸும் எங்கள் வீட்டுக் கழிப்பறையும்

குழாய்ப் பழுது பார்க்க வந்துபோனவரின் ரசீது இன்று காலைத் தபாலில் வந்தது. குழாயில் பழுது ஏதும் இல்லை என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டு, வந்துபோன செலவுக்கென்று 95 யூரோவைக் கீழே குறித்திருக்கிறார். ரசீதைக் கண்டதும் என் கணவருக்கு வாய் அடைத்துவிட்டது. அவருடைய அம்மாவான என் அத்தைக்கு வாய் திறந்துகொண்டது.

ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் 24 வரைக்கும் ஜெர்மனியின் இந்த வட்டாரத்தில் அஸ்பாரகஸ் என்னும் தண்டுக்காயைத் தவிர வேறு காய்கறி இருப்பதாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சாலையோரக் குடில்களில் அஸ்பாரகஸ், உணவகங்களில் அதற்கெனத் தனி உணவுப் பட்டியல், அலுவலகத்தில் அதைப் பற்றியே பேச்சு. பக்கத்திலிருக்கும் ஷ்வெட்ஸிங்கன் அரண்மனை வாசலில் அஸ்பாரகஸ் விற்கும் பெண்ணுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அத்தை அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு, சொந்தபந்தங்கள் அனைவருக்கும் அனுப்பிவைத்திருக்கிறார். மாமாவும் அத்தையும் கும்பகோணத்திலிருந்து வந்திறங்கியது சரியாக இந்தப் பருவத்தில்தான்.

முதன்முதலில் குடிலுக்கு அழைத்துச் சென்றபோதே சிக்கல் தொடங்கிற்று. அத்தை எந்தக் கடைக்குப் போனாலும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். கிலோ 14 யூரோ விற்கும் வெள்ளை அஸ்பாரகஸின் நுனியை அவர் படக்கென்று ஒடித்தபோது, கடைக்காரப் பெண்மணியின் முகம் போன போக்கை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். விலைமதிப்பே அந்த நுனிக்குத்தான். ஆனால் அந்த அம்மாள் சினந்துகொள்ளாமல், இரண்டு தண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று உரசிக் காட்டினார். புதிதாக அறுத்ததாக இருந்தால் கீச்சென்று ஒலிக்கும், வாடியது ஒலிக்காது. அன்றிலிருந்து அத்தை பெட்டி பெட்டியாக உரசிப் பார்த்தே வாங்குகிறார், அவரைப் பார்த்து வரிசையில் நிற்கும் ஜெர்மானியர்களும் உரசத் தொடங்கிவிட்டார்கள்.

சமைத்து வைத்தபின் மாமா தட்டைத் தொடவில்லை. அவருடைய தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின்படி, அஸ்பாரகஸை வேகவைத்து அரைத்துக் காலையும் மாலையும் நான்கு மேசைக்கரண்டி சாப்பிட்டால் புற்றுநோய் ஓடிவிடும். அவருடைய தங்கை அனுப்பிய செய்தியின்படி, அதைச் சாப்பிட்டால்தான் புற்றுநோய் பரவும். இரண்டையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிச் சாப்பிடுவார்? முதலாவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பல்லாண்டுகளாகச் சுற்றிவரும் கட்டுக்கதை. இரண்டாவதற்கு ஒரு மூலம் உண்டு. 1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்தச் செடியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததால் அஸ்பராஜின் என்று பெயர் பெற்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அதைக் குறைத்தால் எலிகளில் மார்பகப் புற்றுநோய் பரவுவது குறைகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் அந்த அமிலம் உருளைக்கிழங்கிலும், பாலிலும், முட்டையிலும், கடலையிலும் இருப்பதோடு, நம் உடம்பே அதைத் தயாரித்தும் கொள்கிறது. அஸ்பாரகஸை ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கை மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்த மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய நாளிலிருந்து அவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுக்கிறார். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மிகுந்த உணவை ஒரு வாரம் அளவின்றி உண்டு மறுவாரம் நிறுத்தினால் அந்த மருந்தின் கணக்கு தவறிவிடும். வேகவைத்த பச்சை அஸ்பாரகஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது; வெயில் படாமல் மண்மேட்டுக்குள்ளேயே வளர்க்கும் வெள்ளை வகையில் அதைவிடக் குறைவு. வேகவைத்த பசலைக்கீரையிலோ பச்சை அஸ்பாரகஸில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஊரிலிருக்கும் இதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "சாப்பிடட்டும், வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கட்டும், ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்" என்று முடித்துக்கொண்டார். கீரையைப் பற்றி நான் வாயெடுத்ததும், "அது நம் ஊர்க் கீரை அம்மா" என்று மாமா ஒரே வரியில் தீர்ப்பளித்தார்.

அவர் மனம் இளகியது வேறொரு காரணத்தால். தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே குடும்பத்துச் செடிதான் என்று என் மகள் எங்கோ படித்துச் சொன்னாள். உடனே அத்தைக்குத் தாம் பிள்ளை பெற்றிருந்தபோது மாமியார் பால் சுரக்கவென்று செய்து கொடுத்தது நினைவுக்கு வந்துவிட்டது: கிழங்கை மண் போகக் கழுவி, தோலை உரித்து, நடுநரம்பை உருவி எறிந்து, பாலில் வேகவைத்து. அங்கே தின்பது கிழங்கை, இங்கே தின்பது குருத்தை, ஒன்றின் குணத்தை மற்றொன்றின் கணக்கில் எழுத முடியாது என்று நான் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை. ஃபோலேட்டும் நார்ச்சத்தும் பொட்டாசியமும் உள்ள, 100 கிராமுக்கு 20 கலோரியே தரும் நல்லதொரு காய்கறி என்பதோடு விட்டிருக்கலாம். அன்று முதல் எங்கள் வீட்டில் அது காயகல்பம். மாமா இரண்டு ஆள் பங்கை ஒரே வேளையில் சாப்பிட்டார். அதிலுள்ள இனுலின் என்னும் நார்ச்சத்து பெருங்குடலில் புளித்து வாயுவாகும் என்பதற்கு அன்றிரவு கூடம் முழுவதும் சாட்சி.

மறுநாள் தொடங்கியதுதான் கழிப்பறை விவகாரம். அஸ்பாரகஸிலுள்ள, கந்தகம் அடங்கிய ஓர் அமிலம் செரிமானமாகும்போது ஆவியாகும் பொருள்களாக உடைந்து, சாப்பிட்ட அரைமணிக்குள் சிறுநீரில் அழுகிய முட்டைக்கோஸ் வாடையைக் கொண்டுவரும். உடம்புக்குத் தீங்கு எதுவும் இல்லை. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 6,909 பேரைக் கேட்டதில், ஏறத்தாழ 60 சதவீதத்தினர் தங்களுக்கு அந்த வாடையே தெரியவில்லை என்றார்கள். மூக்கின் மரபணு அப்படி. எங்கள் வீட்டில் மாமாவும் என் கணவரும் அந்தக் கூட்டம், அத்தை எதிர்க்கட்சி. மாமா தண்ணீர் ஊற்றாமல் வந்துவிடுகிறார் என்பது அத்தையின் வாதம். தாம் ஊற்றியதாகவும், வாடையே இல்லை என்றும் மாமா சத்தியம் செய்தார். எனக்கும் வாடை தெரிந்தது. மாமனாரின் சிறுநீரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் மருமகள் எந்த ஊரிலும் இல்லை என்பதால் வாய் திறக்கவில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் நிற்க முடியாத என் கணவர், கழிவுநீர்க் குழாயில் அடைப்பு என்று ஒரு மூன்றாம் குற்றவாளியைக் கண்டுபிடித்து ஆள் அனுப்பச் சொன்னார். வந்தவர் சமையலறையில் கிடந்த தோல் குவியலைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்புக்குத்தான் அந்த 95 யூரோ.

அந்தத் தோல் யார் சீவியது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. வெள்ளை அஸ்பாரகஸின் தோல் நார் நாராக இருக்கும். தலைக்குக் கீழே தொடங்கி அடிவரை, ஒடியாமல், ஒரு தண்டைப் பலமுறை திருப்பித் திருப்பிச் சீவ வேண்டும். நன்மை தீமைகளை ஆராய்வதற்கு வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள், சீவுவதற்கு ஒரு கத்திதான் இருக்கிறது, அது என் கையில் இருக்கிறது.

மாமா இப்போது சமையலறைத் தராசில் 150 கிராம் நிறுத்து வாங்கி நாட்குறிப்பில் எழுதுகிறார். நேற்று அவருக்குப் புதிய கவலை. செடி தழைத்து அடுத்த ஆண்டுக்கு வேரில் வலிமை சேர்க்கட்டும் என்று ஜூன் 24-உடன் அறுவடையை நிறுத்திவிடுவார்கள்; அவர்கள் ஊர் திரும்புவதோ ஜூலை கடைசியில். மருத்துவர் சொன்ன ஒரே அளவு இடையில் அறுந்துவிடக் கூடாதாம், ஆகவே இப்போதே ஐந்து கிலோ வாங்கித் தோல் சீவி உறைபெட்டியில் வைத்துவிட வேண்டுமாம். அங்கே இடமில்லை என்றேன். ஊரிலிருந்து அவரே ஆய்ந்து கட்டிக் கொண்டுவந்த முருங்கைக்கீரைப் பொட்டலங்களை இந்த வாரத்துக்குள் தாமே சாப்பிட்டு இடம் காலிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.